செவிலிக்குரிய ஊதியம்

சங்க அகப்பாடல்களைப் பயின்றோர் செவிலித்தாயை நன்கறிவர். தலைவியை ஊட்டி வளர்த்தவள் அவள். களவு வெளிப்பட்டபோது கலங்கியவளும், உடன்போக்கில் சென்ற மகளைத் தேடிச் சுரத்திடை நடந்தவளும் அவளே. அவள் பெற்ற மகளையே தோழி என வகுத்தார் தொல்காப்பியர். பிற்காலத்தார் ஊட்டுந்தாய், கைத்தாய் எனத் தாயரை ஐவகையாகப் பிரித்தும் வைத்தனர். இத்துணை நுட்பமாகச் செவிலியைக் கண்ட நம் இலக்கியம், அவள் பெற்ற ஊதியத்தைப் பேசுபொருளாக்கவில்லை. வகுப்பறையில் செவிலி கூற்றை நடத்தும்போதெல்லாம் நமக்கு இவ்வெண்ணம் எழுவதுண்டு. அன்புக்கு விலை பேசலாகாது என்னும் உயர்ந்த கருத்தே, அன்போடு செய்யப்படும் வேலைக்குக் குறைந்த கூலி கொடுக்கவும் வழிசெய்துவிட்டதோ என்பது நம் ஐயம்.

இன்றைய செவிலிக்கு ஆயா என்று பெயர். போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொல் அது. அஞ்செட்டி வட்டத்து நாட்றாம்பாளையம் போன்ற எல்லைப்புற ஊர்களிலிருந்து ஒசூருக்கும் பெங்களூருவுக்கும் வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்கள் பலர். கேழ்வரகு விளையாத ஆண்டில் இவ்வெண்ணிக்கை கூடும். தமிழோடு கன்னடமும் தெலுங்கும் பேசத் தெரிந்தமையால் பெங்களூரு வீடுகளில் இவர்களுக்கு வரவேற்பும் உண்டு. முன்பு வேலை என்பது முன்னரே அங்குச் சென்ற சின்னம்மா ஒருவர் வாயிலாகத்தான் வரும். வீட்டுக்காரர் குணம் எப்படி, சம்பளம் நாள் தவறாமல் வருமா, பழைய சோறு போடுவார்களா என்பதெல்லாம் அச்சொல்லோடு சேர்ந்தே வந்தன. இன்று செல்பேசித் திரையில் வேலை வருகிறது. பெங்களூருவில் 2007இல் தொடங்கப்பெற்ற பாபாஜாப் என்னும் தளம் இவ்வகையில் முன்னோடி எனலாம். வீட்டுவேலையாள், ஓட்டுநர், காவலாளி முதலியோரை வேலை தருவோருடன் இணைப்பதே அதன் நோக்கம். 2017இல் அதனைக் குவிக்கர் நிறுவனம் வாங்கிக்கொண்டது. இத்தகைய தளங்களால் நன்மை இல்லை என்று நாம் கூறவில்லை. இடைத்தரகருக்கு முதல் மாதச் சம்பளத்தை இழந்த கதைகளை நம் ஊர்ப்பக்கம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

ஆயினும் விளம்பரத்தின் மொழியைச் சற்று நோக்குவோம். ‘மாதம் 12,000 ரூபாய், உணவும் தங்குமிடமும் இலவசம், குழந்தையுடன் 24 மணி நேரமும் இருக்க வேண்டும்’ என்று ஒரு விளம்பரம் வருவதாகக் கொள்வோம். பன்னிரண்டாயிரம் என்ற எண் நாட்றாம்பாளையத்தில் பெரிதாகத்தான் தெரியும். முப்பது நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 400 ரூபாய். உறங்கும் எட்டு மணி நேரத்தைக் கழித்து, எஞ்சிய 16 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 25 ரூபாய். கைக்குழந்தை உள்ள வீட்டில் அவ்வெட்டு மணி நேரமும் உறக்கமாவதில்லை என்பதைப் பெற்றவர் யாவரும் அறிவர். வார விடுமுறையும் இக்கணக்கில் இல்லை. தமிழ்நாடு அரசு 2018இல் வீட்டுப் பணியாளர்க்குக் குறைந்த அளவாக மணிக்கு 37 ரூபாய் என நிர்ணயித்தது. பல ஆண்டுகளுக்கு முந்தைய அந்த அளவைக்கூட இப்பெரிய எண் எட்டவில்லை.

கர்நாடகம் இத்துறையில் நமக்கு மூத்தது. வீட்டுப் பணிக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை அம்மாநிலம் 2004இலேயே அறிவித்தது. தமிழ்நாடோ 2007இல் வீட்டுப் பணியாளர் நலவாரியத்தை அமைத்து, ஊதியத்தை அறிவிக்க 2018 வரை காத்திருந்தது. வீட்டுப் பணியாளர் உரிமைக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் நிறைவேறியபோது இந்தியா ஆதரவாக வாக்களித்தது. ஏற்புறுதி மட்டும் அளிக்கவில்லை. வீட்டுப் பணியாளர்க்கெனத் தனிச்சட்டம் இயற்றுவது குறித்து ஆராயக் குழு அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் நடுவணரசைப் பணித்தது. ஆணைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், அடுக்குமாடி வீட்டின் கதவைத் தட்டி, ‘இங்கு ஆயாவுக்கு என்ன கொடுக்கிறீர்கள்?’ என்று கேட்கும் அலுவலர் எவரையும் நாம் கண்டதில்லை.

கதவைத் தட்ட இயலாத இடத்தில் விளம்பரத்தையேனும் தடுக்கலாம் அன்றோ? இணையத்தளத்திற்கு அது எளிது. பணிநேரத்தைக் குறிப்பிடாத விளம்பரத்தையும், ஊதியம் சட்ட அளவுக்குக் கீழ்ப்பட்ட விளம்பரத்தையும் ஏற்காதவாறு கணினியைப் பணித்தல் பெருஞ்செயலன்று. நடப்பதோ வேறு. மும்பையில் 2025 மார்ச்சில் அர்பன் கம்பெனி, 15 நிமிடத்தில் வீட்டுவேலையாளை அனுப்பும் சேவையை மணிக்கு 49 ரூபாய் என்னும் அறிமுக விலையில் விளம்பரப்படுத்தியது. ‘இன்ஸ்டா மெய்ட்ஸ்’ என்ற பெயருக்கு எதிர்ப்பு எழவே ‘இன்ஸ்டா ஹெல்ப்’ என்று மாற்றியது. பணியாளர்க்கு மணிக்கு 150 முதல் 180 ரூபாய் வரை கிடைக்கும் எனவும் விளக்கமளித்தது. அது குழந்தை வளர்ப்பன்று, வீட்டுவேலைதான். நாம் கவலுவது பிறிதொன்று பற்றி. விளக்கத்தைப் படித்தவர் சிலர். 49 என்ற எண்ணைப் பார்த்தவர் பலர். நாளை தம் வீட்டு ஆயாவிடம் கூலி பேசுங்கால் அவர்தம் நெஞ்சில் நிற்பது எந்த எண்?

‘கொடுக்க எங்களுக்கு எங்கே இருக்கிறது?’ என்று கேட்கும் தாயும் உண்டு. அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒசூர்த் தொழிற்பேட்டையில் சுழற்சிமுறையில் பணியாற்றும் பெண் ஒருத்தி, தன் சம்பளத்தில் பெரும்பகுதியை மற்றொரு பெண்ணுக்குக் கொடுத்தால் வீட்டு வாடகைக்கு என் செய்வாள்? ஐம்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என 2017இல் மகப்பேற்று நலச் சட்டம் திருத்தப்பட்டது இதற்காகவே. கர்நாடகத்தில் 2023இல் ஊராட்சிகளில் ‘கூசின மனெ’ என்னும் குழந்தைகள் இல்லங்களை அமைக்கத் தொடங்கினர். ஒசூர்ப் பகுதிச் சிற்றூர்களுக்கும் அத்தகைய ஏற்பாடு வேண்டும். ஆனால் அரசும் ஆலையும் செய்யத் தவறியதை ஆயாவின் கூலியில் கழிப்பது முறையன்று. இதற்கு மேல், இரண்டு கார் நிறுத்திய வீட்டாரும் இதே கேள்வியைக் கேட்கும்போது நமக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

நம் சமுதாயப் பெரியோர்க்கு ஒன்று நினைவூட்ட விழைகிறோம். பிற பெண்ணைக் கொண்டு குழந்தைக்குப் பாலூட்டச் செய்தால், பேசியதை முறைப்படி கொடுத்துவிட வேண்டும் என்கிறது திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம். மணவிலக்குப் பெற்ற தாய் தான் பெற்ற குழந்தைக்கே பாலூட்டினாலும் அவளுக்குரிய ஊதியத்தைக் கொடுங்கள், அதனைத் தம்முள் கலந்து முறையாகப் பேசிக்கொள்ளுங்கள் என்கிறது அறுபத்தைந்தாம் அத்தியாயம். தாய்ப்பாலுக்கே ஊதியம் பேசுவதை வேதம் இழுக்காகக் கருதவில்லை. நம் வீடுகளில் மட்டும், ‘வீட்டில் ஒருத்திபோலத்தானே இருக்கிறாய்’ என்ற ஒரு சொல் சம்பள உயர்வுக்கு ஈடாகிவிடுகிறது.

நம் மாணவியர் பலருக்கு இவ்வேலைக்குச் செல்லும் அன்னையரும் அக்கையரும் உண்டு. அவர்களுக்கு விளம்பரத்தைப் படித்துக் காட்டுபவர் பெரும்பாலும் இம்மாணவியரே. படிப்பதோடு நில்லாமல் தொகையை மணியால் வகுத்தும் காட்ட வேண்டும். பணி பெங்களூருவில் என்றால் கர்நாடக ஊதிய அளவையும், ஒசூரில் என்றால் தமிழ்நாட்டு அளவையும் பார்த்துச் சொல்ல வேண்டும். குழந்தையைப் பார்க்க அழைத்துவிட்டுப் பாத்திரமும் துணியும் சேர்த்துக் கொடுப்பார்களா, மாதத்தில் எத்தனை நாள் ஊருக்கு வரலாம், இரவில் குழந்தை அழுதால் எழவேண்டியவர் யார், எழுந்த நேரம் பணிநேரமா என்பவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, வீட்டுக்காரரின் கையொப்பம் பெற்ற பின்னரே அன்னை பேருந்து ஏறட்டும்.