காற்று இலவசம், உயிர் இலவசம் அல்ல!

"மோட்டார் சைக்கிள் நிலைதடுமாறிக் கவிழ்ந்தது. ஓட்டி வந்தவர் தலையில் பலத்த காயம் அடைந்து சம்பவ இடத்திலேயே பரிதாபமாக இறந்தார்."

வாரத்துக்கு எத்தனை தடவை இந்தச் செய்தி பத்திரிகையில் வருகிறது! ஊர் மாறுகிறது. பெயர் மாறுகிறது. வயது மாறுகிறது. 'நிலைதடுமாறி' என்ற வார்த்தை மட்டும் மாறுவதே இல்லை.

ஏன் நிலைதடுமாறியது? அதை யாரும் கேட்பதில்லை.

போலீஸ் வருகிறது. குடித்திருந்தாரா, ஹெல்மெட் போட்டிருந்தாரா, வேகமாக வந்தாரா என்று விசாரிக்கிறது. எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் கவிழ்ந்து கிடக்கும் வண்டியின் டயரில் எத்தனை பவுண்டு காற்று இருந்தது என்று கேட்பவர் உண்டா?

2022-ம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் செத்துப் போனார்கள். இது மத்திய அரசின் கணக்கு. அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள். அந்த ஆண்டு அதிக விபத்து நடந்த மாநிலம் எது தெரியுமா? நம் தமிழ்நாடுதான். 64 ஆயிரத்துக்கும் மேல்!

இத்தனைக்கும் டயர் காற்றுதான் காரணம் என்று சொன்னால் அது பொய். ஆனால் ஐந்தே நிமிடத்தில், காசு செலவில்லாமல் நீக்கக் கூடிய ஆபத்து ஒன்று நம் வண்டிச் சக்கரத்திலேயே இருக்கிறது என்பது மெய்.

உள்ளங்கை அளவு இடம்

காலை எட்டரை மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓரமாக நின்று பாருங்கள். கத்திப்பாராவை நோக்கி வண்டிகள் எறும்பு வரிசையாய்ப் போகும். முன்னால் டேங்க் மேல் ஒரு குழந்தை. நடுவில் அப்பா. பின்னால் அம்மா. அம்மா மடியில் இன்னொரு குழந்தை. கைப்பிடியில் சாப்பாட்டுப் பை, தோளில் ஸ்கூல் பை.

பின் டயரைப் பார்த்தால் பகீர் என்கிறது. சப்பையாகி, வயிறு பிதுங்கி, ரோட்டோடு ரோடாகத் தேய்ந்து கொண்டு போகிறது. அந்தக் குடும்பமே அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

மோட்டார் சைக்கிள் ரோட்டைத் தொடுவது இரண்டே இடத்தில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய உள்ளங்கை அளவுதான். பிரேக் பிடிப்பதும், வளைவில் திரும்புவதும், மழையில் வழுக்காமல் நிற்பதும் அந்த இரண்டு உள்ளங்கை இடத்தை நம்பித்தான்.

திருவொற்றியூரில் 1946-ல் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்து ஆரம்பித்த தொழில்தான் பிற்பாடு எம்.ஆர்.எப். டயர் கம்பெனியாக வளர்ந்தது. பலூனோ டயரோ, சங்கதி ஒன்றுதான். ரப்பர் வெறும் பை. பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று!

அந்தக் காற்று குறைந்தால் என்ன ஆகும்? ஹேண்டில்பார் கனக்கும். வளைவில் வண்டி ஆடும். டயரின் இரண்டு ஓரமும் சீக்கிரம் தேயும். பெட்ரோல் கூடக் குடிக்கும். பள்ளத்தில் இறங்கினால் ரிம் நசுங்கும்.

அதிகமாக அடித்து வைத்தாலும் வம்புதான். டயர் கல்லாகி விடும். ரோட்டைத் தொடும் இடம் சுருங்கும். நடுப்பகுதி மட்டும் தேயும். ஈர ரோட்டில் பிரேக் போட்டால் வழுக்கும்.

"நார்மலா அடிப்பா!"

பெட்ரோல் பங்கில் காற்று அடிப்பவர் கேட்கிறார்: "எத்தனை சார்?"

நம்ம ஆள் சொல்கிறார்: "நார்மலா அடிப்பா. பின்னாடி கொஞ்சம் கூட வை."

நார்மல் என்றால் எத்தனை? அவருக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது!

100 சி.சி. வண்டிகள் பலவற்றுக்கு முன் டயரில் சுமார் 25 பவுண்டு, பின் டயரில் சுமார் 28 பவுண்டு வேண்டும். அது தனி ஆளாகப் போவதற்கு. பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்கு 36, 40 என்று கணக்கு கூடும். வண்டிக்கு வண்டி இது மாறும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. பல வண்டிகளில் செயின் கவர் பக்கமோ, ஸ்கூட்டராக இருந்தால் சீட்டுக்கு அடியிலோ ஸ்டிக்கரும் ஒட்டியிருப்பார்கள். அதில் கிலோ கணக்கு போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். 1 கிலோ என்பது 14 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல்.

ஒரு எச்சரிக்கை. டயரின் பக்கத்திலேயே ஒரு நம்பர் அச்சடித்திருக்கும். அது அந்த டயர் தாங்கக் கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்து அடித்து விடாதீர்கள்.

கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பதும், காலால் உதைத்துப் பார்ப்பதும் சுத்த வேஸ்ட். 28-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குத் தெரியாது, மீட்டருக்குத்தான் தெரியும். பஞ்சரே ஆகாத டயரிலும் மாதம் ஒன்றிரண்டு பவுண்டு தானாகவே குறையும். ஆகவே பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பார்த்தே ஆக வேண்டும். நாள் முழுக்க வண்டியிலேயே இருக்கிற சாப்பாடு டெலிவரி தம்பிகளும், கேன், மூட்டை ஏற்றும் கடைக்காரர்களும் வாரம் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

எப்போது பார்ப்பது? காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பு. ஓடி வந்த டயரில் காற்று சூடேறி மீட்டர் சில பவுண்டு கூட்டிக் காட்டும். வீட்டுக்குப் பக்கத்து பங்க் என்றால் பாதகமில்லை. அடித்து முடித்ததும் வால்வில் எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். மூடியைத் தொலைத்து விடாதீர்கள். அந்தச் சின்ன மூடிதான் மண்ணும் தண்ணியும் வால்வுக்குள் போகாமல் காக்கிறது.

வெயிலுக்குப் பயந்து...

அக்னி நட்சத்திரம் வந்தால் ஒரு பேச்சு கிளம்பும். "வெயில்ல டயர் வெடிச்சிடும், காத்தைக் குறைச்சு வைங்க" என்று அனுபவசாலிகள் உபதேசம் செய்வார்கள்.

இது தலைகீழ்ப் பாடம்! காற்று குறைந்த டயர்தான் உருளும்போதெல்லாம் நசுங்கி நசுங்கி நிமிரும். கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் சூடாகிறதல்லவா, அதே கதைதான். அந்தச் சூட்டில்தான் டயர் கெடுகிறது. மே மாதமானாலும் மார்கழியானாலும் காலையில் பார்க்கும்போது புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுதான் சரி.

"நைட்ரஜன் அடிச்சா தொல்லையே இல்லை சார்" என்று காசு கேட்கிறவர்களும் உண்டு. நாம் மூச்சு விடுகிற சாதாக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான்! விருப்பம் இருந்தால் அடித்துக் கொள்ளுங்கள். ஆனால் அதோடு கவலை தீர்ந்தது என்று செக் பண்ணாமல் இருந்து விடாதீர்கள்.

ரிப்பேர் போர்டு

இத்தனையும் சொன்ன பிறகு வாகன ஓட்டிகள் ஒன்று கேட்பார்கள். "நாங்க ரெடி. பங்க்ல காத்து எங்கே?"

நியாயமான கேள்வி! பெட்ரோல் பங்கில் காற்று இலவசமாக அடித்துத் தர வேண்டும் என்பது எண்ணெய்க் கம்பெனிகளே போட்டிருக்கும் விதி. அது தர்மம் அல்ல. ஆனால் சில இடங்களில் என்ன நடக்கிறது? மெஷின் மேல் 'ரிப்பேர்' என்று ஓர் அட்டை தொங்குகிறது. அட்டை வெளுத்துப் போகிறது, மெஷின் மட்டும் சரியாவதில்லை. இன்னும் சில இடங்களில் ஆளைக் காணோம். ஆள் இருந்தால் "காத்து இல்லை சார், அடுத்த பங்க்ல பாருங்க" என்கிறார். கார் வந்து நின்றால் மட்டும் காற்று எங்கிருந்தோ வந்து விடுகிறது!

வெயிலில் குனிந்து குனிந்து நிமிரும் அந்த ஊழியரைத் திட்டிப் பலனில்லை. அவர் கைக்கு நீங்கள் ஐந்து ரூபாய் கொடுத்தால் அது உங்கள் நல்ல மனசு. ஆனால் கொடுத்தால்தான் காற்று என்றால் அது நியாயம் அல்ல. கேட்க வேண்டியது முதலாளியை. ஒவ்வொரு பங்கிலும் புகார்ப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கி நாலு வரி எழுதுங்கள். நாலு பேர் எழுதினால் அட்டை தானாக இறங்கும்.

பெட்ரோல் அளவு சரியா என்று பார்க்க 5 லிட்டர் கேன் இருக்கிறது, அதற்கு முத்திரை இருக்கிறது. காற்று மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டாமா? பெட்ரோல் குறைந்தால் பாக்கெட்டுக்கு நஷ்டம். காற்று குறைந்தால் குடும்பத்துக்கே நஷ்டம்!

எண்ணெய்க் கம்பெனி அதிகாரிகள் பங்குகளுக்குச் சோதனைக்கு வரும்போது காற்று மெஷினையும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டும். மூலைக்கு மூலை வண்டியை மடக்கி ஹெல்மெட் பார்க்கும் போக்குவரத்துப் போலீசார், அப்படியே குனிந்து டயரையும் பார்க்கட்டும். சப்பையாக இருந்தால் அபராதம் வேண்டாம். "காத்து அடிச்சிட்டுப் போங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். செய்வார்களா?

அவர்கள் செய்கிறபோது செய்யட்டும். நாளைக் காலையில் கிக்கரை உதைக்கும் முன், நீங்கள் ஒரு நிமிடம் குனிந்து பின் டயரைப் பாருங்கள். அதன் மேல் ஏறப் போவது உங்கள் பெண்டாட்டி பிள்ளைகள்!