கடைசியில் வருபவளையும் எண்ணுங்கள்!

மிதிவண்டிப் பந்தயம் என்றவுடன் வழவழப்பான தார்ச் சாலையில் காற்றாய்ப் பறந்து செல்லும் வீரர்களே நம் மனக்கண் முன் தோன்றுவர். ஆனால் சாலையே இல்லாத இடத்தில், சேற்றிலும் மணலிலும் புல்மேட்டிலும் நடைபெறும் மிதிவண்டிப் பந்தயமும் ஒன்று உண்டு. அதற்குச் சைக்ளோகிராஸ் என்று பெயர். ஓட்ட முடிந்த இடத்தில் ஓட்டுவர். ஓட்ட முடியாத இடத்தில் இறங்கி, வண்டியைத் தோளில் சுமந்து ஓடுவர். பின்பு மீண்டும் ஏறி ஓட்டுவர். இவ்விளையாட்டில் புதிதாய்க் காலடி வைக்கும் ஒரு பெண்ணை எவ்வாறு வரவேற்க வேண்டும் என்பது பற்றி எங்கள் கருத்தை இங்குக் கூற விழைகின்றோம்.

இவ்விளையாட்டின் தாயகம் பிரான்சு நாடு. அந்நாட்டின் முதல் தேசியப் போட்டி 1902-ஆம் ஆண்டிலேயே நடைபெற்றது. குளிர்காலத்தில் சாலைப் பந்தயங்கள் இல்லாதபோது உடல் தளர்ந்து போகாமல் இருக்க வீரர்கள் வயல்களின் ஊடே ஓட்டிப் பழகினர். 1910-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் வாகை சூடிய ஒக்தாவ் லாபீஸ், தம் வெற்றிக்கு இப்பயிற்சியும் துணை நின்றதாகக் கூறினார். இன்று பெல்ஜியமும் நெதர்லாந்தும் இதில் முன்னணியில் நிற்கின்றன. செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை இதன் காலம். பெல்ஜியத்தில் கோப்பென்பெர்க் என்னும் குன்றில் நடக்கும் புகழ்பெற்ற பந்தயத்திற்குரிய நாள் நவம்பர் 1. அது நாம் கொண்டாடும் சகல புனிதர்கள் திருநாள் அன்றோ!

பந்தயப் பாதை ஒரு வட்டமாக அமைந்திருக்கும். சர்வதேச விதியின்படி ஒரு சுற்றின் நீளம் 2.5 கிலோமீட்டர் முதல் 3.5 கிலோமீட்டர் வரை. பாதையின் அகலம் 3 மீட்டருக்குக் குறையக் கூடாது. குறுக்கே நிறுத்தப்படும் பலகைத் தடைகள் 40 சென்டிமீட்டர் உயரத்திற்கு மேற்படக் கூடாது. செங்குத்தான ஏற்றம், வழுக்கும் இறக்கம், மணற்குழி, படிக்கட்டு எனப் பல இடர்கள் வழியில் உண்டு. உலகப் போட்டியில் ஆடவர் ஏறத்தாழ ஒரு மணி நேரமும், பெண்கள் ஏறத்தாழ 50 நிமிடமும் இவ்வட்டத்தைச் சுற்றுகின்றனர்.

இவ்வளவு கடினமான விளையாட்டில் புதியவள் ஒருத்தி எப்படிச் சேர முடியும் என்று தோழியர் கேட்கலாம். முடியும் என்பதே எங்கள் விடை. ஏனெனில் தொடங்குபவளுக்கு இதைப்போல் இடங்கொடுக்கும் பந்தயம் அரிது.

முதலாவது, வண்டி. உலகப் போட்டியில் டயரின் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. ஆனால் ஊர்க் கழகங்கள் நடத்தும் பல பந்தயங்களில் மலைச் சைக்கிளையும் அனுமதிக்கின்றனர். தரையைப் பற்றும் மேடுகள் உள்ள டயரும், நன்கு பிடிக்கும் பிரேக்கும், தலைக்கவசமும் இருந்தால் முதல் பந்தயத்திற்குப் போதும். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால் அது தரையில் படர்ந்து வழுக்காமல் நிற்கும். மிகக் குறைத்தாலோ கல் இடித்துப் பஞ்சராகும். அந்த அளவை ஓட்டி ஓட்டித்தான் அறிய வேண்டும்.

இரண்டாவது, இறங்கி ஏறும் கலை. இதுவே இவ்விளையாட்டின் அரிச்சுவடி. வண்டி மெல்ல உருளும்போதே வலக்காலைப் பின்புறமாக இருக்கைக்கு மேலே தூக்கி இடப்புறம் கொண்டுவர வேண்டும். ஒரு கணம் இடக்கால் பெடலில் நின்று, பின்பு குதித்து ஓட வேண்டும். சங்கிலி வலப்புறம் இருப்பதால் இடப்புறம் இறங்குவதே வழக்கம். பலகையைத் தாண்டும்போது வண்டியைக் கையால் தூக்கினால் போதும். நீண்ட ஏற்றமாயின் தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இதனைப் புல்தரையில் நடக்கும் வேகத்தில் பழக வேண்டும். முதலில் தடையே வேண்டாம். பின்பு ஒரு குச்சியைத் தரையில் கிடத்தலாம். அதன் பின்பே பலகையை நிறுத்தலாம். பந்தய நாளில் அது வரவில்லையா? வண்டியை முழுவதும் நிறுத்தி, இறங்கித் தாண்டி, மறுபடி ஏறிச் செல்வதை எந்த விதியும் தடுக்கவில்லை. உலக வீராங்கனையும் இறங்கி ஓடும் ஏற்றத்தில் புதியவள் இறங்கி நடப்பது எவ்வாறு இழிவாகும்?

மூன்றாவது, நிதானம். பந்தயத்திற்கு முன் பாதையை ஒரு முறையேனும் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். தொடங்கும் இடத்தில் பின்வரிசையில் நின்றால் முன்னால் செல்வோர் எங்கே வழுக்குகின்றனர் என்பதையும் காணலாம். முதல் சுற்றிலேயே முழு வலிமையையும் செலவிட்டால் பின் சுற்றுகளுக்கு மூச்சு மிஞ்சாது.

இவை யாவும் எந்தப் பெண்ணும் கற்கக் கூடியவையே. அவளுக்குத் தடையாய் நின்றது சேறும் மணலும் அன்று. பெரியவர்கள் அமைத்த ஏற்பாடே தடையாய் நின்றது என்பது எங்கள் கருத்து.

இதற்கு ஆண்டுகளே சான்று. ஆடவருக்கான முதல் உலகப் போட்டி 1950-இல் பாரிசு நகரில் நடந்தது. பிரான்சின் ஜான் ரோபிக் வென்றார். பெண்களுக்கான முதல் உலகப் போட்டி நடந்ததோ 2000-ஆம் ஆண்டில்! நெதர்லாந்து நாட்டில் நடந்த அதில் ஜெர்மனியின் ஹான்கா குப்ஃபர்னாகல் வென்றார். இடையே கழிந்தவை 50 ஆண்டுகள். இளைஞர் நிலையைப் பாருங்கள். 17, 18 வயதுச் சிறுவர்களுக்கு உலகப் போட்டி 1979-இல் தொடங்கியது. அதே வயதுச் சிறுமியருக்கு 2020-இல்தான் தொடங்கியது. இங்கே 41 ஆண்டுகள் கழிந்தன. 23 வயதுக்குட்பட்ட பெண்களுக்குக்கூட 2016-இல்தான் தனிப் போட்டி கிடைத்தது. முதலில் 2000, அடுத்து 2016, கடைசியில் 2020. மேல்மாடியை முதலில் கட்டிவிட்டு, படிக்கட்டைக் கடைசியில் வைத்தாற்போல் இல்லையா இது?

“பெண்கள் சிலரே வருகின்றனர். அச்சிலருக்காகத் தனிப் போட்டி எதற்கு?” என்று கேட்பார் உண்டு. படி இல்லாத மாடிக்குச் சிலரே ஏறினர் என்பதில் வியப்பு என்ன? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. இங்கோ கூடமே கோணலாய் இருந்தது. அதைச் சிறிது நிமிர்த்தியவுடன் நடந்ததைக் காணுங்கள். நெதர்லாந்தின் ஃபெம் வான் எம்பெல் முன்பு கால்பந்து ஆடிய பெண். 2021-இல் 23 வயதுக்குட்பட்டோர் போட்டியில் வென்றார். அப்படியில் கால் ஊன்றி 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மகளிர் உலகப் பட்டத்தைப் பெற்றார். 2020-இல் சிறுமியருக்கான முதல் உலகப் போட்டியில் வென்ற ஷிரின் வான் அன்ரோய், 2023-இல் 23 வயதுக்குட்பட்டோர் பட்டத்தையும் வென்றார். படி வைத்தவுடன் ஏறினார்கள் அல்லவா?

மரியன்னே வோஸ் போன்றோர் படியின்றியே ஏறினரே என்று சிலர் வாதிடலாம். உண்மைதான். அவர் 2006-இல் 18 வயதிலேயே உலகப் பட்டம் பெற்று, 2022-க்குள் எட்டு முறை அதனை வென்றார். அவரை நாங்கள் வணங்குகின்றோம். ஆனால் ஆயிரத்தில் ஒருத்திக்கு மட்டும் திறக்கும் கதவைத் திறந்த கதவு என்று சொல்ல எங்கள் மனம் ஒப்பவில்லை. மற்ற 999 பெண்களும் விளையாட வேண்டாமா?

இன்னொரு விதியையும் குறிப்பிட வேண்டும். பெரிய போட்டிகளில், முதலில் செல்பவரின் முதற்சுற்று நேரத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் பின்தங்குபவரை நடுவர் வெளியேற்றிவிடுவர். முதற்சுற்று 7 நிமிடம் என்றால், 5 நிமிடம் 36 வினாடிக்கு மேல் பின்தங்கியவர் வெளியேற வேண்டும். முன்னே செல்பவருக்கு வழி மறிக்கக் கூடாது என்பதற்காக எழுந்த விதி இது. உலகப் போட்டிக்கு இது பொருந்தலாம். ஆனால் புதியவர்களின் பந்தயத்தில் இதனைக் கையாளுதல் தகாது. இரண்டு மாதம் பழகி, குளிரில் வந்து நின்ற ஒரு சிறுமியை இரண்டாம் சுற்றிலேயே வெளியே அனுப்பினால் அவள் என்ன கற்றுக்கொள்வாள்? தனக்கு இங்கே இடமில்லை என்பதைத்தான் கற்பாள். ஊர்ப் பந்தயங்கள் பலவற்றில் பின்தங்கியவரையும் கடைசிவரை ஓட்டவிட்டு, அவர் முடித்த சுற்றுகளை எண்ணி வரிசைப்படுத்துகின்றனர். இதுவே நேரிய முறை என்போம். பின்னால் வருபவள் ஓரமாய் ஒதுங்கி வழிவிடக் கற்றுக்கொண்டால் எவருக்கும் இடையூறு இராது.

குளிர்காலப் பகல் குறுகியது. ஒவ்வொரு பிரிவினருக்கும் தனித்தனிப் பந்தயம் நடத்த நேரம் போதாது என்று நடத்துவோர் கூறுவதில் நியாயம் உண்டு. அதற்கும் வழி இருக்கிறது. புதிய பெண்களை மற்றொரு பிரிவினருக்கு ஒரு நிமிடம் பின்னால் புறப்படச் செய்யலாம். ஒரே பாதையில் ஓட்டினாலும் முடிவுகளைத் தனியே அறிவிக்கலாம். பந்தயத்திற்கு முன் அரை மணி நேரம் இறங்கி ஏறக் கற்றுத் தரலாம். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. பெரிய மனம் இருந்தால் போதும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சேறு பூசிக்கொண்டு ஓடுவது பெண் பிள்ளைக்கு அழகா என்று எண்ண வேண்டாம். சேறு ஒரு வாளித் தண்ணீரில் போய்விடும். விழுந்தாலும் எழுவேன் என்னும் துணிவு வாழ்நாள் முழுதும் நிற்கும். இதில் அடியே படாது என்று கூற மாட்டோம். ஆனால் இப்பாதையில் லாரியும் பேருந்தும் இல்லை. வேகம் சாலைப் பந்தயத்தைவிடக் குறைவு. பாதை வளைந்து வளைந்து வருவதால் ஒரே இடத்தில் நின்றபடி உங்கள் மகளை நீங்கள் பலமுறை காணலாம்.

மிதிவண்டி நம் திருச்சபைக்கும் அந்நியமானது அன்று. இத்தாலியில் கோமோ ஏரிக்கு அருகே குன்றின்மேல் உள்ள கிசால்லோ தேவமாதாவை, மிதிவண்டி ஓட்டுநரின் பாதுகாவலியாகப் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் 1949-இல் அறிவித்தார். அச்சிற்றாலயத்தில் பெரும் வீரர்களின் வண்டிகள் காணிக்கையாய் வைக்கப்பட்டுள்ளன.

திராட்சைத் தோட்டக் கூலியாட்களின் உவமையை நாம் அனைவரும் மறைக்கல்வி வகுப்பில் கற்றுள்ளோம். கடைசி நேரத்தில் வந்தவரையும் தோட்டக்காரர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. விளையாட்டுத் திடலிலும் அம்மனம் வேண்டும். ஒரு பந்தயம் நன்றாக நடந்ததா என்று அறிய, முதலில் வந்தவளின் பதக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது. கடைசியில் வந்தவள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருகிறாளா என்று பாருங்கள். அவள் வந்தால் அதுவே நல்ல பந்தயம்.

ஆகவே நடத்துவோரே, படியை வையுங்கள்! பெற்றோரே, கையைப் பிடிக்காமல் கைதட்டுங்கள்! தோழியரே, முழுவதும் கற்ற பின் தொடங்குவோம் என்று காத்திராதீர்கள். தொடங்கினால்தான் கற்க முடியும். வழுக்கும் இடத்தில் இறங்குவோம், சுமப்போம், மீண்டும் ஏறுவோம்!