கை நீட்டாத கௌரவம்

“நான் யார்கிட்டயும் போய் நின்னதில்ல.” குடும்பத்துக்கு ஒருவராவது இதைச் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்பவர்களும் பெருமையாகத் தலையாட்டுவார்கள். எனக்கோ இந்த வசனத்தில் பாதி பொய்யாகவும் மீதி கேடாகவும் படுகிறது.

முதலில் பொய்யைப் பார்ப்போம். அவர் நிற்காத வாசல்களில் எல்லாம் அவர் மனைவி நின்றிருப்பார். மாதக் கடைசியில் பக்கத்து வீட்டில் கைமாற்றாக ஐந்நூறு, அண்ணன் வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மூட்டை அரிசி, பிள்ளையின் ஃபீஸுக்குக் குழுவில் எடுத்த கடன். தர்மபுரியில் 1989இல் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கியபோது வங்கிப் படியேறிக் கையெழுத்துப் போட்டவர்கள் பெண்கள்தான். வீட்டுக்காரர்களின் கௌரவம் திண்ணையில் பத்திரமாக இருந்தது.

சான்றுக்கு ஔவையாரை இழுப்பார்கள். ஏற்பதை இகழும் ஆத்திசூடி, அடுத்த அடியிலேயே இல்லாதவருக்கு இட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்கிறதே? வாங்க ஆளில்லாவிட்டால் யாருக்கு இடுவது? வள்ளுவரும் தப்பவில்லை. இரவச்சம் என்ற 107ஆம் அதிகாரம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முந்தையது இரவு. தகுந்தவரிடம் கேள், வைத்துக்கொண்டே இல்லை என்றால் குற்றம் அவரைத்தான் சேரும் என்று அதில் தைரியம் சொல்கிறார். கேட்பவரே இல்லாத உலகத்தை மரப்பொம்மைகளின் நடமாட்டம் என்கிறார். வசதிப்பட்டவர்கள் இந்த அதிகாரத்தை மட்டும் தாண்டிப் போய்விட்டார்கள்.

நம் ஆட்களுக்குக் கேட்கத் தெரியாது என்பதும் இல்லை. ஆடி மாதத்தில் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் போனால் மொய் விருந்து நடக்கும். கல்யாணமோ காதுகுத்தோ இருக்க வேண்டியதில்லை, பணமுடை போதும். பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, கறிச்சோறு போடுவார்கள். சாப்பிட்டுக் கைகழுவி வருபவரிடம் நோட்டோடு உட்கார்ந்திருப்பவர் ஊர், பேர் கேட்டு எழுதிக்கொள்வார். முன்பு வாங்கியதைத் திருப்பி, மேலே கொஞ்சம் சேர்த்தும் போடுவார்கள். தேவைப்படுகிறவரே விருந்து வைப்பவராக உட்காருகிற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் இதில் திருப்பித் தர முடிந்தவருக்குத்தான் இடம். முடியாதவர் என்ன செய்வார்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் அடித்த கஜா புயல் அந்த வட்டாரத்திலேயே இந்தக் கேள்வியை எழுப்பியது. தென்னந்தோப்புகள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. நிவாரண லாரியை எதிர்பார்த்து ரோட்டோரம் பாத்திரத்தோடு நின்றவர்களில் தோப்புக்காரர்களும் இருந்தார்கள். கொடுத்த கை வாங்க நிற்கிறதே என்று ஊரே அங்கலாய்த்தது. நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனாலும் அதைப்போல வன்மமான பேச்சு கிடையாது. அதே ரோட்டில், அதே வரிசையில், அந்தத் தோப்பில் தேங்காய் உரித்த கூலிக்காரரும் நின்றார். அவருக்காக யாரும் அங்கலாய்க்கவில்லை. அவர் வாங்கவே பிறந்தவர் என்று நாம் எப்போதோ முடிவுகட்டிவிட்டோம் போலிருக்கிறது. கை நீட்டாத கௌரவம் என்பதைச் சுரண்டினால் அடியில் இருப்பது இந்த மேல்கீழ்தான்.

சாய்ந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 என்று அரசு அறிவித்தது. போதாது, கூட்டித் தா என்று கேட்டவர்களை மானம் கெட்டவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. சர்க்காரிடம் கேட்டால் உரிமை, மச்சானிடம் கேட்டால் கேவலமா?

கேடு எங்கே என்றால், மச்சானிடம் கேட்கக் கூசுகிறவர் மீட்டர் வட்டிக்காரனிடம் கூசாமல் போகிறார். அவன் அந்நியன், சொந்தக்காரர்களுக்குத் தெரியாது, மானம் தப்பித்தது. கந்துவட்டியைத் தடுக்க 2003இல் சட்டமே வந்துவிட்டது. ஆனால் ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவரை எந்தச் சட்டம் தேடிப் போகும்? வட்டிக்காரன் தெருவில் நின்று கத்தும்போதுதான் அண்ணன் தம்பிக்கே விஷயம் தெரிகிறது. “முன்னாடியே சொல்லியிருக்கலாமேடா” என்பார்கள். அதற்குள் வீடு கைமாறியிருக்கும்.

வாங்கத் தயங்குகிறவர் பக்கமும் நியாயம் உண்டு. ஐயாயிரம் கொடுத்துவிட்டு ஐந்து வருஷம் சொல்லிக்காட்டுகிற சித்தப்பாக்களுக்கு இங்கே பஞ்சமில்லை. 2015 சென்னை வெள்ளத்தில் நிவாரணப் பொட்டலத்தின் மேலேயே முதலமைச்சர் படத்தை ஒட்டினார்கள். அரிசிப்பையைக் கையில் பிடிக்க வைத்து போட்டோ எடுப்பவர்களை நினைத்தால் பட்டினியே மேல் என்றுதான் தோன்றும். கூசவேண்டியவர் அந்த சித்தப்பா, கூசுவதோ வாங்கியவர்.

ஆஸ்பத்திரியில் பாருங்கள். ஓ நெகட்டிவ் அவசரம் என்று வாட்ஸப்பில் முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் கேட்கிறோம். யாரோ பைக்கில் வந்து கொடுத்துவிட்டு, பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் போகிறார். நோட்டில் எழுதி வைப்பதில்லை, திருப்புவதும் இல்லை, யாருடைய கௌரவமும் குறைவதில்லை. அதே வார்டு வாசலில் “பணம் ஏதாவது வேணுமா மாமா?” என்று தங்கை மகன் கேட்கும்போது மட்டும், “அதெல்லாம் இருக்கு மாப்ள, நீ கிளம்பு” என்கிறோம்.