மதம் மாறினால் சாதி போய்விடுமா?

"கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது. மாறிப் போனவர்களுக்கு எதற்கு எஸ்.சி. சான்றிதழ்?" நன்றாகப் படித்தவர்களே இப்படிக் கேட்கிறார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கத்தோலிக்கர்களின் பிணங்களைத் தனியே ஒதுக்கச் சுவர் எழுப்பியது யார்? சாதி வேதத்தில் இல்லை, உண்மை. ஊரில் இருக்கிறது, தேவாலயத்துக்குள்ளும் இருக்கிறது. எறையூரில் தனிப் பங்குத் தேவாலயம் கேட்ட தலித் கிறிஸ்தவர்கள் 2008-இல் சக கத்தோலிக்கர்களாலேயே தாக்கப்பட்டார்கள்.

ஆனாலும் இவர்களுக்கு எஸ்.சி. சான்றிதழ் கிடையாது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் 3-ஆம் பத்திதான் இந்த அநீதியின் வேர். பட்டியல் சாதி என்ற தகுதியை அது மதத்தோடு கட்டிப்போட்டது. பிறகு 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். சேர்த்தது சரிதான். ஆனால் சீக்கியமும் பௌத்தமும் சாதியை ஏற்காத மதங்கள்தாமே? அங்கே செல்லாத வாதம் கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் மட்டும் எப்படிச் செல்லும்? பழங்குடியினருக்கோ எந்த மத நிபந்தனையும் இல்லை.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த ஆதிதிராவிடர் ஒருவர், தன்னைப் போன்றவர்களுக்கு அரசு கொடுத்த இலவசப் பெட்டிக்கடை கிறிஸ்தவர் என்பதால் தனக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 1985-இல் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். எந்த இந்து தலித்திடமும் யாரும் இப்படி ஆதாரம் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது.

அவரைப் போன்ற ஒருவர் மறுபடி இந்துவாகி, சொந்தச் சாதியும் ஏற்றுக்கொண்டால் சான்றிதழ் திரும்பக் கிடைக்கும். 2015-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அப்படியானால் மதம் மாறியபோது அந்தச் சாதி எங்கே போயிருந்தது? வெளியே போனால் உரிமை பறிபோகும், திரும்பினால் கிடைக்கும் என்பது மதச் சுதந்திரம் அல்ல, மிரட்டல். அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு தரும் உரிமைக்கு ஏழையிடம் மட்டும் அரசு விலை வசூலிக்கிறது.

தமிழக அரசு தலித் கிறிஸ்தவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. அந்தச் சான்றிதழைக் கொண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது. தனித்தொகுதியில் நிற்கவும் முடியாது. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சான்று பார்த்தா அடிக்கிறான்?

தங்கள் பங்கு குறையுமே என்று இந்து தலித்துகள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. ஒதுக்கீட்டின் அளவைக் கூட்டித் தருவது அரசின் பொறுப்பு; அதைக் காட்டி இன்னொரு தலித்தை வெளியே நிறுத்தக் கூடாது.

3-ஆம் பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இலேயே பரிந்துரைத்துவிட்டது. தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலில் சேர்க்கக் கோரித் தமிழகச் சட்டமன்றம் 2023-இல் தீர்மானம் போட்டது. இன்னோர் ஆணையத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நாடாளுமன்றம் அந்தப் பத்தியை நீக்கட்டும்.