கார்டு கப்பலேறும் முன்

சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே கடலடிக் கேபிள் திறந்துவைக்கப்பட்டது 2020 ஆகஸ்ட் 10 அன்று. சுமார் 2,300 கி.மீ. நீளம், 1,224 கோடி ரூபாய் செலவு. அதுவரை செயற்கைக்கோளை நம்பித் தவம் கிடந்த தீவுகளில் இணையம் ஓடத் தொடங்கியது. லைன் சரியான பிறகும் வீடியோ திக்கித் திணறினால் பழி மேஜைமேல் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் மீதுதான் விழும். உடனே கிடைக்கும் ஆலோசனை: "ஒரு கிராபிக்ஸ் கார்டு போடுங்கள்." (வரைகலை அட்டை என்று கேட்டால் அபர்தீன் பஜாரில் வாழ்த்து அட்டையைக் காட்டினாலும் காட்டுவார்கள்.)

சென்னைவாசிக்கு இதில் பெரிய ஆபத்தில்லை. பொருந்தாத கார்டை ரிச்சி தெருவுக்கே எடுத்துப்போய்ச் சண்டை போட்டு மாற்றிக்கொள்ளலாம். ஸ்ரீ விஜயபுரத்தில் - 2024 வரை போர்ட் பிளேர் - இருப்பவருக்கு அந்தத் தெரு கடலுக்கு அப்பால் 1,300 கி.மீ.க்கும் அதிகமான தூரத்தில் இருக்கிறது. கப்பலில் வர ஏறக்குறைய மூன்று நாள். திருப்பி அனுப்ப மறுபடி மூன்று நாள். எனவே ஆராய்ச்சியெல்லாம் பணம் கட்டுவதற்கு முன்பே நடந்தாக வேண்டும்.

முதல் கேள்வி, கார்டு தேவையா என்பது. தனி கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் படம் வரையும் வேலையைப் பெரும்பாலும் பிராசஸரே பார்க்கிறது. அதற்கென்று சொந்த நினைவகம் கிடையாது. ராமில் கடன் வாங்கித்தான் பிழைப்பு. ஒரே ஒரு டி.டி.ஆர்.3-1600 ராம் இருந்தால் நொடிக்கு 12.8 ஜி.பி. தகவல்தான் போய்வரும். அதேபோன்ற இன்னொன்றை இரண்டாவது சேனலுக்குரிய ஸ்லாட்டில் செருகினால் பாதை 25.6 ஜி.பி.யாக அகலமாகிறது. சின்ன விளையாட்டுகளுக்கும் போட்டோ வேலைக்கும் பலருக்கு இதுவே போதும். கடைக்காரர்கள் இதை முதலில் சொல்வது அபூர்வம்.

வீடியோ விவகாரம் வேறு. யூடியூபில் ஏராளமான படங்கள் வி.பி.9 என்ற முறையில் சுருக்கப்பட்டு வருகின்றன. அதை விரிக்கும் தனிச் சுற்று இன்டெல் பிராசஸர்களில் முழுமையாக அமைந்தது 2016இல் அறிமுகமான ஏழாம் தலைமுறையில்தான். அதற்கு முந்தையவை மூச்சுவாங்குகின்றன. இங்கே கார்டு கைகொடுக்கும், சரியான கார்டாக இருந்தால். என்விடியாவின் மலிவான ஜி.டி. 710இல் அந்தச் சுற்று இல்லை. 2017இல் வந்த ஜி.டி. 1030இல் உண்டு. 30 வாட்தான் இழுக்கும். ஸ்லாட்டே 75 வாட் தருவதால் தனி ஒயர் வேண்டாம்.

ஆனால் 2018இல் அதே பெயரில், டி.டி.ஆர்.4 நினைவகத்துடன் இன்னொரு ஜி.டி. 1030 வந்தது. முதலாவதில் நினைவகத்தின் வேகம் நொடிக்கு 48 ஜி.பி.; இதில் 17கூட இல்லை. படம் பார்க்க இடைஞ்சலில்லை. விளையாட்டென்றால் ஏமாற்றம். பெயரை ஒன்றாகவே விட்டுவைத்தது வியாபார சாமர்த்தியம் என்பதைத் தவிர வேறென்ன சொல்ல?

புதிதாக வாங்கிவிட்டால் கவலையில்லை என்பதும் சரியல்ல. 2022இல் ஏ.எம்.டி. வெளியிட்ட ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி., நான்கே தடங்களில் பேசும் கார்டு. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 4.0 உள்ள மதர்போர்டில் குறையில்லை. பழைய 3.0 போர்டில் அந்தத் தடங்களின் வேகம் பாதி. எஸ்.எம்.பி.எஸ்.சிலிருந்து தனி ஒயரும் கேட்கும். கம்பெனி கம்ப்யூட்டர்களின் ஒல்லி கேபினட்டில் அதற்கு வழியிருக்காது. கார்டே உள்ளே நுழையாமல் போகலாம்.

தீவின் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை, எப்போதும் உப்பு ஈரம். ராமின் பொன்னிறப் பற்களில் படலம் படிந்தாலே திரை இருண்டுவிடும். ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துச் செருகினால் பல நேரங்களில் எழுந்து உட்காரும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் கம்ப்யூட்டர்களில் அநேகமாக எதற்கும் விண்டோஸ் 11 இல்லை என்கிறது மைக்ரோசாஃப்ட். அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்கு இன்னொரு ராம் வாங்கலாம். பெரிய கார்டு வாங்குவது அதிகம். எதுவானாலும் கேபினட்டைத் திறந்து ஸ்லாட், எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கர், ராம் மூன்றையும் செல்போனில் படமெடுத்து, ஸ்கேலால் உயரத்தையும் அளந்து கடைக்காரருக்கு அனுப்பிய பிறகே ஆர்டர் கொடுப்பது நல்லது. அந்தப் படங்கள் போய்ச்சேர இப்போது சில விநாடிகள் போதும்.