தாயின் உண்கலத்தை அளந்திடுக!

வயிறு நிறைவது வேறு. உடல் ஊட்டம் பெறுவது வேறு. பங்கீட்டுக் கடை அரிசி முன்னதைத் தரும்; பின்னதைத் தாராது. தமிழ்நாட்டுச் சூலுற்ற மகளிருள் குருதிச்சோகை உற்றோர் 2015-16-இல் நூற்றுக்கு 44.4 பேர், 2019-21-இல் 48.3 பேர். இதனைச் சொல்வது நடுவணரசின் குடும்பநல ஆய்வே!

மகளிர் உணவின் வகைமையை அறிய, உலக உணவு வேளாண்மை அமைப்பு 2016-இல் எளிய அளவுகோல் ஒன்றை வெளியிட்டது. தவசமும் கிழங்கும், பயறு, கொட்டையும் வித்தும், பால், ஊனும் மீனும், முட்டை, கீரை, பரங்கி மாம்பழம் போன்ற செம்மஞ்சட் காய்கனி, பிற காய், பிற கனி எனப் பத்துப் பிரிவுகள். முந்தைய ஒரு நாளில் ஐந்தேனும் உண்டிருத்தல் வேண்டும். 15 கிராமிற் குறைந்தது கணக்கில் சேராது. தாளித்த கறிவேப்பிலை கீரையாகாது. தேநீரில் விட்ட சிறிது பால் பாலாகாது.

ஆயின், வினா அயற்சொல் பூண்டு வருமாயின் விடையும் பிழைபடும். 'காய்கறி உண்டாயா?' எனின், வேலியோரம் பறித்த முருங்கைக்கீரை விடுபட்டுப் போம். உணவுப்பெயர்களை அவ்வவ்விடத்து வழக்கிற் கேட்குமாறு அவ்வமைப்பின் வழிகாட்டியே வற்புறுத்துகிறது. 1956-இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் கண்ட நாட்டில், தாய்மாரிடம் அகத்தி, கம்பு, தட்டைப்பயறு எனத் தமிழிற் கேட்கத் தடை யாது?

பாற்கோவாவாற் பெயர்பெற்ற திருவில்லிபுத்தூரில், சூலுற்ற கூலிப்பெண்ணுக்கு நாளும் ஒரு குவளைப் பால் கிட்டுகிறதா? இராசபாளையத்து நூற்பாலைக் கூலி, அரிசிக்குப் பின் முட்டைக்கும் கனிக்கும் எஞ்சுகிறதா? நலநிலையங்கள் திங்கள்தோறும் அளந்து ஊர்மன்றில் வைக்கட்டும். எடை பார்த்து ஏட்டிற் குறிப்பது மட்டும் கடமையாகாது.

தமிழ்மண் காக்க எழுவோர், தமிழ்த்தாயர் வயிற்றில் வளரும் கருவை முதலிற் காக்க!