‘ஃபார்மட் பண்ணிரட்டுமா?’ என்று கேட்டால்...

உடன்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் போன ஐப்பசியில் போன் செய்தார். “தம்பி, லேப்டாப் மெதுவா ஓடுதுன்னு கடையில குடுத்தேன். புது விண்டோஸ் போட்டுத் தந்தாவ. இப்போ பறக்குது. ஆனா உள்ள ஒண்ணுமே இல்லியே!”

டாலி கணக்கு இல்லை. மகள் கல்யாணப் படங்களும் இல்லை. போனில் இடம் நிறைந்துவிட்டதால் படங்களை லேப்டாப்புக்கு மாற்றிவிட்டுப் போனில் அழித்திருக்கிறார். ஆக, இருந்தது ஒரே பிரதி. கடைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. ‘ஃபார்மட் பண்ணிரட்டுமா?’ என்று கேட்டிருக்கிறார். இவரும் தலையாட்டியிருக்கிறார்.

நான் சொன்ன முதல் வார்த்தை: “லேப்டாப்பை உடனே அணைச்சிருங்க அண்ணாச்சி.”

சாதாரண ஃபார்மட் என்பது குடோனில் எந்த மூட்டை எங்கே இருக்கிறது என்ற பட்டியலைக் கிழிப்பது போலத்தான். மூட்டைகள் அங்கேயே கிடக்கும். புதுச் சரக்கு வந்து அதே இடத்தில் இறங்கும்போதுதான் பழையது போகும். புது விண்டோஸே 20 ஜிபி-க்கு மேல் இடம் பிடிக்கும். அதற்குப் பிறகும் படம் பார்ப்பது, அப்டேட் போடுவது என்று ஓட்டினால் மிச்சமும் போய்விடும். மீட்கும் மென்பொருளை அதே லேப்டாப்பில் இறக்குவது இன்னும் மோசம்.

அண்ணாச்சியின் லேப்டாப்பில் இருந்தது பழைய ஹார்டு டிஸ்க். அதைக் கழற்றி வேறு கணினியில் இணைத்து, ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவச மென்பொருளை இரவு முழுக்க ஓட்டினேன். கிடைத்ததை எல்லாம் வேறொரு டிஸ்க்கில் சேமித்தேன். எஸ்.எஸ்.டி.யாக இருந்திருந்தால் எனக்கு இந்த நம்பிக்கைகூட இருந்திருக்காது. அழித்த இடத்தை அது பெரும்பாலும் தானே துடைத்து வைத்துவிடும்.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதனால் பலரும் இப்போது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். போகும் முன் ஒரு நிமிடம். ‘டி டிரைவில் கை வைக்க மாட்டோம்’ என்று கடையில் சொல்வார்கள். சரிதான். ஆனால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் வழக்கமாக இருப்பது சி டிரைவில். டாலி பிரைம் கணக்கும் இடத்தை மாற்றாவிட்டால் சி டிரைவில் ‘யூசர்ஸ்’, அதற்குள் ‘பப்ளிக்’ என்ற ஃபோல்டருக்குள்தான் இருக்கும். அங்கே யார் எட்டிப் பார்க்கிறார்கள்? எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நகல் எடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே லேப்டாப்பைக் கொடுங்கள். விண்டோஸே கிளம்பவில்லை என்றாலும் பதறாதீர்கள். பென்டிரைவிலிருந்து உபுண்டுவை ஓட்டி ஃபைல்களை வெளியே எடுக்க முடியும், கடையில் கேளுங்கள். ஃபார்மட் செய்யாமல் மேலேயே புது விண்டோஸ் போட்டிருந்தால், சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஃபைல்கள் அதில் இருக்கும். சில நாட்களில் அது தானாக அழிந்துவிடும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

புது விண்டோஸ் 11-ல் இன்னொரு சங்கதி. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. திருடன் கையில் சிக்கினால் நல்லதுதான். நாளைக்கு லேப்டாப் பழுதானால், 48 இலக்கச் சாவி இல்லாமல் உங்களாலும் திறக்க முடியாது. அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கடைக்காரர் தன் மெயில் ஐடியைப் போட்டுவிட்டால் அவர் கணக்குக்குப் போய்விடும். எனவே உங்கள் ஐடியையே போடச் சொல்லுங்கள். சாவியை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள்.

அண்ணாச்சிக்குக் கல்யாணப் படங்களில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. பெயர்கள் போய் வெறும் எண்களாக வந்ததால், முகூர்த்தமும் பந்தியும் கலந்து கிடக்கின்றன. டாலி கணக்கு கிடைக்கவில்லை. வருமான வரிக்காக ஆடிட்டர் வாங்கி வைத்திருந்த மார்ச் வரையிலான பேக்கப் மட்டும் இருந்தது. ஏப்ரலிலிருந்து உள்ளதை இளைய மகன் பில் புத்தகங்களைப் பார்த்து மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கிறான். ஆடி மாதம் வரை வந்தாயிற்றாம்.